கூரைக்கு ஃபோம் அடிக்கலாமா?



கத்திரி வெயில் காலத்தில் ஷீட் போட்ட வீட்டில் லுஹருக்கும் அஸருக்கும் இடையே இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று பழவேற்காட்டில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆண்கள் ஏரிக்கரையிலோ மர நிழலிலோ ஒதுங்கிக்கொள்கிறார்கள். வீட்டிலேயே இருக்கும் பெண்களும், கைக்குழந்தைகளும், படுக்கையில் உள்ள முதியவர்களும்தான் அந்த அனலை முழுதும் வாங்குகிறார்கள். வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு 2024 அக்டோபரில் அறிவித்திருப்பதே இதன் கடுமையைக் காட்டுகிறது.

"கூரைக்கு உள்ளே ஃபோம் அடித்தால் ஏசி போட்டது போல ஜில்லென்று இருக்குமாமே, அதற்கு வட்டியில்லாக் கடன் தருவீர்களா?" என்று இப்போது நம் அறக்கட்டளைக்கு வருபவர்கள் கேட்கிறார்கள். கடன் நிதி உங்கள் அனைவரின் அமானிதம். ஆகவே விசாரித்துத் தெரிந்துகொண்டதை எல்லாக் குடும்பங்களுக்கும் பயன்படும்படி இங்கே எழுதுகிறோம்.

நமக்குப் பழகிய பொருள்தான்

மீன் வைக்கும் பஃப் ஐஸ் பெட்டியின் இரு சுவர்களுக்கு நடுவே மஞ்சளாக இருக்கிறதே, அதே பாலியூரிதீன்தான் இது. கூரைக்கு அடிப்பவர்கள் இரண்டு திரவங்களைக் குழாய் வழியாகச் சம அளவில் கலந்து பீய்ச்சுவார்கள். அது நுரைத்துப் பொங்கி, கொஞ்ச நேரத்தில் இறுகி, கூரையோடு ஒட்டிக்கொள்ளும்.

இதில் இரண்டு வகை உண்டு. 'ஓப்பன் செல்' வகை பஞ்சு போன்றது. கன மீட்டருக்குச் சுமார் 8 கிலோ எடை. ஈரமும் நீராவியும் இதில் புகும். 'குளோஸ்டு செல்' வகை கெட்டியானது. சுமார் 32 கிலோவும் அதற்கு மேலும் இருக்கும். ஈரத்தை எளிதில் விடாது. அதே கனத்தில் வெப்பத்தையும் அதிகம் தடுக்கும். உப்புக் காற்றும் புழுக்கமும் உள்ள நம் ஊரில் ஓப்பன் செல் வகையைத் தவிர்ப்பதே நல்லது. விலை குறைவு என்று அதைத்தான் முதலில் காட்டுவார்கள்.

ஃபோம் வெப்பத்தைத் தடுக்கும் என்பது உண்மைதான். வெயிலில் காய்ந்த ஷீட்டின் அனல் தலைமேல் இறங்குவதை ஒரு அங்குல குளோஸ்டு செல் ஃபோம் பெருமளவு நிறுத்திவிடும். ஆனால் ஐஸ் பெட்டியில் ஐஸ் நிற்பது மூடி மூடியிருப்பதால்தான். மூடியைத் திறந்து வைத்தால் எவ்வளவு நல்ல பெட்டியானாலும் ஐஸ் உருகும். நம் வீடுகள் கதவும் ஜன்னலும் திறந்தவை. வெளிக்காற்று 38 டிகிரி என்றால், ஏசி இல்லாத வீட்டுக்குள் வரும் காற்றும் ஏறக்குறைய அதேதான். ஃபோமை நம்பி ஜன்னலைச் சாத்தினாலோ, வியர்வை உலராமல் புழுக்கம் கூடிவிடும். 'ஏசி போல' என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

எந்தக் கூரைக்கு என்ன ஆகும்?

சிமெண்ட் ஷீட்: பழைய சிமெண்ட் ஷீட்டுகளில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஃபோம் ஒட்டுவதற்காக அதைத் தேய்த்தாலோ சுரண்டினாலோ, நுரையீரலுக்குக் கேடான, புற்றுநோய் உண்டாக்கும் தூசி வீட்டுக்குள் பறக்கும். ஷீட் உடைந்து மாற்றும் நாளில் ஃபோமும் சேர்ந்தே போகும். வேண்டாம்.

கான்கிரீட்: கடற்கரையில் கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்வது வழக்கம். சுனாமிக்குப் பின் கட்டிய வீடுகளிலும் இதைப் பார்க்கிறோம். அடியில் ஃபோம் அடித்தால் விரிசல் கண்ணுக்குத் தெரியாது. ஒருநாள் துண்டாக விழும்போதுதான் தெரியும். தளத்துக்குச் செய்ய வேண்டியது எதுவானாலும் மேற்புறம் செய்யுங்கள்.

ஓடும் மர உத்தரமும்: நம் முன்னோர் கட்டிய ஓட்டு வீடுகளிலும் மெட்ராஸ் டெரஸ் வீடுகளிலும் ஃபோம் அடிக்கவே கூடாது. மழைநீர் உள்ளே தங்கி மரம் உளுத்துப்போகும். பிரிட்டனில் மரக்கூரைக்கு அடியில் ஃபோம் அடித்தவர்கள் பலர் வீட்டை விற்க முடியாமல் தவிக்கிறார்கள். மரத்தின் நிலையைப் பார்க்க முடியாததால், பல வங்கிகள் அந்த வீடுகளுக்கு அடமானக் கடன் தர மறுக்கின்றன.

தகர ஷீட்: ஒழுகாத, துருவில்லாத தகரக் கூரைக்குத்தான் ஃபோம் ஓரளவு பொருந்தும்.

தீ விஷயத்தில் கவனம்

பாலியூரிதீன் தீப்பற்றும். எரியும்போது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் கலந்த விஷப்புகை வரும். ஆகவே ஃபோமைத் திறந்தபடி விடாமல் ஜிப்சம் பலகையாலோ பூச்சாலோ மூட வேண்டும். அடுப்பறையிலும், ஒயர் தொங்கும் இடத்திலும் அறவே கூடாது.

அடிக்கும்போது வரும் ஆவி ஆஸ்துமாவைத் தூண்டும். குறைந்தது ஒருநாளாவது வீட்டார் அனைவரும் வெளியே தங்க வேண்டும். மூச்சிரைப்பு உள்ளவர்களும் குழந்தைகளும் வாடை முழுதும் போன பிறகே திரும்பட்டும்.

முதலில் செய்ய வேண்டியவை

கூரையை வெள்ளையாக்குங்கள். வெள்ளை நிறம் வெயிலை உள்ளே விடாமல் திருப்பி அனுப்புகிறது. தெலங்கானா அரசு 2023இல் இதற்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது. கான்கிரீட் தளத்துக்கும் சிமெண்ட் ஷீட்டுக்கும் கிளிஞ்சல் சுண்ணாம்பே போதும். மழைக்காலம் முடிந்து, தை மாசியில் வருடாவருடம் அடியுங்கள். தகரத்தில் சுண்ணாம்பு நிற்காது. கூரைக்கென்று விற்கும் வெள்ளைப் பெயிண்ட் வேண்டும். சிமெண்ட் ஷீட்டின் மேல் நேராகக் கால் வைக்காதீர்கள், உடைந்து விழுவீர்கள். பலகை போட்டு நில்லுங்கள், ஷீட்டைச் சுரண்டாதீர்கள்.

வசதியுள்ளவர்கள் கான்கிரீட் தளத்தின் மேல் உடைந்த வெள்ளை டைல்ஸ் பதிக்கலாம். ஷீட் வீட்டில், அடுப்புக்கு எட்ட, ஓலைப்பாயால் உள்கூரை கட்டுங்கள். ஷீட்டுக்கும் பாய்க்கும் இடையே ஒரு முழம் விட்டு, இரு பக்கமும் காற்று போக வழி வையுங்கள்.

அப்படியும் ஃபோம்தான் வேண்டுமென்றால்

ஷீட்டிலுள்ள உப்பை நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிட்ட பிறகே அடிக்கச் சொல்லுங்கள். எந்த வகை, என்ன அடர்த்தி, எத்தனை மில்லிமீட்டர் கனம், மேலே எதைக் கொண்டு மூடுவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். அடித்து முடித்ததும் நான்கைந்து இடங்களில் ஊசி குத்திக் கனத்தை அளந்து பார்த்த பிறகு மீதிப் பணம் கொடுங்கள்.

கடன் பற்றிய நம் பதில் இதுதான். கூரை ஒழுகலை அடைக்கவும், வெள்ளையடிக்கவும், உள்கூரை கட்டவும் கேட்பவர்களுக்கு முதலிடம். மீன் வைக்கும் குளிர் அறைக்கும், ஏசி உள்ள, ஒழுகாத தகரக் கூரை அறைக்கும் ஃபோமுக்காகக் கேட்டால், நேரில் பார்த்து முடிவு செய்வோம். மற்ற வீடுகளுக்கு ஃபோமுக்காகக் கடன் கொடுத்து உங்களைச் சுமையில் தள்ள நாம் விரும்பவில்லை.

முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு நடை அலுவலகத்துக்கு வந்து பேசுங்கள். வல்ல அல்லாஹ் நம் இல்லங்களையும் அதிலுள்ளோரையும் பாதுகாப்பானாக. ஆமீன்.