சம்பளத்துடன் டாக்டர் பட்ட ஆராய்ச்சி

சென்ற மாதம் நம் சங்கத்து அங்கத்தினர் ஒருவர், விவசாயத்தில் முதுநிலைப் பட்டம் பெற்ற தம் மகளை டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்காக ஐரோப்பாவிற்கு அனுப்பும் பொருட்டு, இரண்டு ஏக்கர் நன்செய்யை அடமானம் வைத்துக் கடன் பெற இயலுமா என வினவினார். இடம் வாங்கித் தருவதாகத் தரகர் ஒருவர் பெருந்தொகை கேட்டிருந்தாராம். நிலத்தைத் தொட வேண்டியதில்லை என்று நாம் கூறினோம். அதன் காரணத்தை அங்கத்தினர் அனைவரும் அறிந்திருத்தல் நலம்.

நெதர்லாந்து நாட்டில், ரைன் நதிக்கரையில் உள்ள வாகனிங்கன் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்வோம். 1876 இல் விவசாயப் பள்ளியாகத் தொடங்கி, 1918 இல் உயர்கல்வி நிலையமாக உயர்ந்த இது, மண், பயிர், உணவு ஆகிய துறைகளில் பெயர் பெற்றது. அங்கே டாக்டர் பட்ட ஆராய்ச்சி செய்வோரில் பலர் பல்கலைக்கழகத்தின் ஊழியராவர். அவர்கள் படிப்புக் கட்டணம் செலுத்துவதில்லை; நான்கு ஆண்டுகள் சம்பளம் பெறுகின்றனர். அது முதலாண்டில், வரிப் பிடித்தத்திற்கு முன், மாதம் ஏறத்தாழ 3,000 யூரோ. இதனுடன் 8 சதவீத விடுமுறைப் படியும், 8.3 சதவீத ஆண்டிறுதிப் படியும் உண்டு. தொடக்க ஒப்பந்தம் குறுகிய காலத்திற்கே செய்யப்பெறும். பணி திருப்திகரமாயின் நீட்டிக்கப்பெறும்.

இப்பணம் எங்கிருந்து வருகிறது? பேராசிரியர் ஒருவர் குறித்த ஆராய்ச்சிக்காக அரசாங்கத்திடமோ, ஐரோப்பிய ஒன்றியத்திடமோ, தொழில் நிறுவனத்திடமோ நிதி பெறுகிறார். அதைக் கொண்டு ஆள் தேவை என விளம்பரம் செய்கிறார். ஆகவே இவ்விடங்களைக் கல்லூரிச் சேர்க்கை அறிவிப்புகளில் தேடுதல் வீண். பல்கலைக்கழக இணையதளத்தின் வேலைவாய்ப்புப் பகுதியிலேயே தேட வேண்டும். ஐரோப்பிய ஆணையத்தின் ‘யூராக்செஸ்’ தளத்திலும் பல நாட்டு அறிவிப்புகளைக் கட்டணமின்றிக் காணலாம்.

விளம்பரத்தில் மூன்றைக் கவனிக்க: சம்பள விகிதம், ஒப்பந்தக் காலம், ஊழியர் நியமனமா என்பது. உபகாரச் சம்பளத்தைத் தாமே கொண்டுவர வேண்டும் என்றிருந்தால், பல்கலைக்கழகம் ஊதியம் தரவில்லை என்று பொருள். முதுநிலைப் படிப்பு வேறு; நம் நாட்டவர் அதற்குப் பல ஆயிரம் யூரோ கட்டணம் செலுத்த நேரும். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவோரிடம் எச்சரிக்கை வேண்டும்.

40 ஆம் நம்பர் நூல் கேட்பவரிடம் 20 ஆம் நம்பரைக் காட்டிப் பயனில்லை. அதுபோல் ஒரே கடிதத்தை நூறு இடங்களுக்கு அனுப்புவதும் பயன் தராது. அப்பேராசிரியரின் அண்மைக் கட்டுரைகளைப் படித்து, தாம் செய்த ஆய்வு அவ்வேலைக்கு எவ்வாறு உதவும் என்று ஒரு பக்கத்தில் எழுதுக. மதிப்பெண் சான்று, தம்மை அறிந்த ஆசிரியர் இருவரின் பெயர், கேட்கப்பெறின் ஆங்கிலத் தேர்வுச் சான்று ஆகியனவும் வேண்டும். தேர்ந்தெடுக்கப்பெற்றவருக்கு நேர்முகம் பெரும்பாலும் காணொளியிலேயே நடைபெறும்.

செலவே இல்லை என்று நாம் கூறவில்லை. பயணத்திற்கும், முதற் சம்பளம் கைக்கு வரும் வரை வாடகைக்கும் உணவுக்கும் பணம் வேண்டும். அங்கே வீடு கிடைப்பதும் எளிதன்று. போட்டியும் கடுமையானது, பலமுறை மறுக்கப்பெற்ற பின்னரே இடம் பெறுவோர் உண்டு. ஆனால் வேலைக்கு விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. தரகருக்கும் அதில் இடமில்லை.

அவ்வங்கத்தினரின் மகள் தாமே விண்ணப்பம் எழுதத் தொடங்கியுள்ளார். பலன் எதுவாயினும், நன்செய் அவர்கள் கையிலேயே இருக்கும்.