நிற்கும்போதே ஓடுகிற எழுத்து

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு ஒதுங்கி, ஏதாவது ஒரு ஸ்டிக்கர் கடைக்குள் எட்டிப் பாருங்கள். பிளாட்டர் மெஷின் வினைலைச் சரசரவெனக் கீறுகிறது. வேண்டாத துணுக்குகளை ட்வீசர் முனையால் உரித்தெடுக்கிறார்கள். ‘ண’வின் சுழிக்குள் ஒரு பிசிறு தங்கினாலும் பைக் டேங்கில் பல்லிளித்துவிடும்! பைக் பையன்களானாலும் கால்பந்து டீமானாலும், கேட்பது ஒன்றுதான்: வண்டியோ ஆளோ நின்றாலும் எழுத்து ஓட வேண்டும்.

வேகத்துக்கு எழுத்தை வரைவதில் இந்த ஊருக்குப் பழைய உறவு உண்டு. 1946-ல் திருவொற்றியூரில் மாம்மன் மாப்பிள்ளை ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கியதில் பிறந்த டயர் நிறுவனம் எம்ஆர்எஃப்தான், பின்னாளில் மூன்று சிவப்பு எழுத்தாகச் சச்சின் மட்டையில் ஏறியது. கடைசி வரிசை ரசிகனும் படித்தானே!

ஆங்கிலத்தில் இப்படி ஓடுகிற ரக எழுத்துருக்கள் குவிந்து கிடக்கின்றன. 1962-ல் இத்தாலியின் ஆல்டோ நோவரேசே வரைந்த யூரோஸ்டைல், முனை மழுங்கிய சதுரத்தையே எதிர்காலத்தின் முகமாக்கியது. அந்தச் சாயலைச் சாய்த்தால் ரேஸ் கார் தயார். அவர் தேடிப்போன சதுரம் நம் ட, ப, ம மூன்றுக்கும் பிறவியிலேயே இருக்கிறது என்று கண்டதும் எனக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றியது!

ஆனால் கோரல்டிரா மென்பொருளில் எழுத்தை 12 டிகிரி சாய்த்துத் தள்ளிவிட்டால் வேலை முடியாது. ‘ண’, ‘ஐ’யின் சுழிகள் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலியும். புள்ளியோ அடுத்த எழுத்தின் தலையில் ஏறியதுபோல் தெரியும். சுழியைத் திரும்ப வரைய வேண்டும். வட்டப் புள்ளியைச் சாய்ந்த சிறு கட்டமாக்கிப் பாருங்கள், சொல்லே சீறுகிறது! மெய்யெழுத்து நிறைந்த மொழிக்கு இதைவிட நல்ல வேகக்கோடு கிடைக்குமா?

தமிழ் அழகாகச் சாயும் என்பதற்குத் தாரிக் அஸீஸின் கவிவனார் எழுத்துரு சாட்சி. அது கையெழுத்துச் சாயல், கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். அதற்கு ஒரு பந்தயத் தம்பி வேண்டும். எழுத்துரு வரைகிறவர்களே, வடசென்னைக் கடைகளுக்கு வாருங்கள். முதலில் ‘திருவொற்றியூர்’ என்று வரைந்து பாருங்கள்: கொம்பு, கொக்கி, புள்ளி எல்லாம் அந்த ஒரு பெயரிலேயே இருக்கின்றன.