மலை மேல் மேகம் சொல்லும் சேதி



நம்ம திண்டுக்கல் பக்கம் காட்டில் நின்று பார்த்தால் சிறுமலையோ கொடைக்கானல் மலையோ கண்ணில் படும். அதன் மேல் நிற்கும் மேகம் எல்லாம் மழை மேகமா? இல்லை. எது எது என்று தெரிந்துகொள்வோம்.

மலையில் மோதும் காற்று மேலே ஏறும். ஒரு கிலோமீட்டர் ஏறினால் சுமார் 10 டிகிரி குளிர்ந்துவிடும். சோற்றுப்பானை மூடியில் நீர் கோர்ப்பது போல, காற்றிலுள்ள ஈரம் மேகமாகிறது.

1. தொப்பி மேகம்

உச்சியில் தலைப்பாகை கட்டினாற்போல நகராமல் நிற்கும். ஆடிக் காற்றுக் காலத்தில் பார்க்கலாம். மலையில் சாரல் விழும். ஆனால் காற்று இந்தப் பக்கம் இறங்கும்போது சூடாகி மேகம் கரைந்துவிடும். இதை நம்பி விதை போட்டுவிடாதீர்கள். நமக்குப் பெரிய மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான்.

2. தட்டு மேகம்

தட்டுகளைக் கவிழ்த்து அடுக்கினாற்போல வழவழப்பாக இருக்கும். கல்லைத் தாண்டும் வாய்க்கால் தண்ணீர் அலை அலையாகப் போகிறதல்லவா? மலையைத் தாண்டும் காற்றும் அப்படித்தான். அலை உயரும் இடத்தில் இந்த மேகம் உண்டாகும். சில நாடுகளில் பறக்கும் தட்டு என்றே பயந்திருக்கிறார்கள். பயம் வேண்டாம். மேலே பலத்த காற்று அடிக்கிறது என்று மட்டும் பொருள்.

3. இடி மேகம்

இதுதான் ஆபத்து! சித்திரை, வைகாசியிலும், புரட்டாசி, ஐப்பசியிலும் மதியத்துக்கு மேல் காலிஃபிளவர் போல குபுகுபுவென வளரும். 10 கிலோமீட்டருக்கு மேலும் உயரும். தலை தட்டையாக விரிந்தால் மின்னல், ஆலங்கட்டி வரலாம்.

என்ன செய்யணும்?

* மின்னல் தெரிந்ததும் எண்ணுங்கள். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் உடனே கட்டிடத்துக்குள் போங்கள்.
* புளியமரம், தென்னை அடியில் ஒதுங்காதீர்கள். தார்ப்பாய்க் கொட்டகையும் பாதுகாப்பில்லை.
* கடைசி இடிக்குப் பிறகு அரைமணி நேரம் கழித்தே வெளியே வாங்க.
* மலை மேல் கருத்திருந்தால், இங்கே வெயில் அடித்தாலும் ஓடையில் இறங்காதீர்கள். ஆடுமாட்டையும் ஓட்டி வந்துவிடுங்கள். திடீர் வெள்ளம் வரும்.
* மின்னல் தாக்கியவர் உடம்பில் மின்சாரம் தங்காது. தயங்காமல் தொட்டு உதவுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள். கண்மாய் வேலைக்கும் ஆடு மேய்க்கவும் போகிற சகோதரிகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். நனைந்த கடலையைக் காயவைத்துக்கொள்ளலாம், போன உயிர் வராது.