எழுந்து உட்காரும் கணக்கு

அமெரிக்காவின் எடிசன் நகரில் இருக்கும் மகன் வீட்டுக்கு ஊரிலிருந்து அம்மா வந்தால், முதல் பேச்சே பனியைப் பற்றித்தான். "வெளியே தனியா போகாதீங்கம்மா, வழுக்கும்." அம்மாவும் போவதில்லை. தங்கும் ஆறு மாதமும் சோபா, டிவி, கார்பெட் போட்ட மாடிப்படி. தரையில் உட்கார்ந்து காய் நறுக்கி, குனிந்து கோலம் போட்டு, நாளைக்குப் பத்து தடவை எழுந்த கால்கள் அவை. வேலையில்லாத தொடைச் சதை சீக்கிரம் இளைத்துவிடும். அப்புறம் ஒருநாள், பாத்டப் விளிம்பைத் தாண்ட ஒற்றைக் காலில் நிற்கும்போது தடுமாறுகிறது.

அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டியவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேற்பட்டோர் ஆண்டுதோறும் விழுகிறார்கள் என்கிறது அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி. கால் வலுவை அறிய அது சொல்லும் சோதனைக்கு ஒரு நாற்காலி போதும். கைகளை மார்பின் குறுக்கே வைத்துக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ண வேண்டும். 70-74 வயதில் பெண்களுக்கு 10-க்குக் கீழே, ஆண்களுக்கு 12-க்குக் கீழே போனால் ஆபத்து அதிகம். என் மாமியாருக்கு நான்தான் எண்ணினேன். நான்காவது முறையே "முருகா" என்று கை நாற்காலிக்குப் போய்விட்டது. கையை ஊன்றினால் விதிப்படி பூஜ்யம்!

"தினமும் வாக்கிங் போறேனே?" என்று கேட்டார். நடை நல்லதுதான், அது மட்டுமே விழாமல் காக்கும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. 2019-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 108 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. உடற்பயிற்சி செய்தவர்கள் விழுவது 23 சதவீதம் குறைந்திருந்தது. பலன் தெளிவாகத் தெரிந்தது சமநிலைப் பயிற்சியில். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகம் வகுத்த முறை இந்த வகைதான்: கணுக்காலில் எடை கட்டிக் காலை நீட்டுவது, குதிகாலை உயர்த்துவது, ஒரே கோட்டில் அடிமேல் அடி வைப்பது. வாரம் மூன்று நாள், அரை மணி நேரம்.

பிசியோதெரபிஸ்டிடம் போகலாமென்றால் காப்பீடு இடிக்கும். கிரீன் கார்டில் வந்த பெற்றோர்கூட ஐந்தாண்டு தொடர்ந்து வசித்த பிறகே பணம் கட்டி அரசின் முதியோர் காப்பீடான மெடிகேரில் சேர முடியும். விசிட்டர் விசாக்காரர்களுக்கு அதுவும் கிடையாது.

இப்போதெல்லாம் மாமியார் சமையல் மேடையை ஒட்டி, ஒரு குதிகாலுக்குப் பின்னால் மறு பாதத்தின் விரல்நுனி தொட நிற்கிறார். கை பிடிக்காமல் 10 விநாடி நிற்க வேண்டும். நேற்று ஏழு வந்தது. பக்கத்தில் எண்ணிக்கொண்டிருந்த பேரன் எட்டு என்று சாதிக்கிறான்.