கெளிற்றுக் குஞ்சு வளர்ப்பு

நன்னீர் மீன்களுள் கெளிறு என்பதும் ஒன்று. பேச்சு வழக்கில் இதனைக் கெளுத்தி என்பர். செதிலற்ற வழுவழுப்பான உடலும், வாயைச் சூழ்ந்த மீசைகளும் இவ்வினத்தின் அடையாளங்களாம். இவ்வினத்துள் வங்காளம், பீகார், ஒடிசா முதலிய பகுதிகளில் பெரிதும் விரும்பப்படுவது மாகுர் என்னும் மீன். நோயினின்று தேறுவோர்க்கு இதன் குழம்பை அளித்தல் வங்காளத்தார் வழக்கம். பீகார் அரசு இதனைத் தன் மாநில மீனாகக் கொண்டுள்ளது. எனினும், சதுப்பு நிலங்கள் குறைந்தமையால் இம்மீன் அருகி வருகின்றது. ஆதலின் இதன் குஞ்சுகளைப் பொரிப்பித்து வளர்க்கும் முறையை அறிஞர் ஆராய்ந்தனர். புவனேசுவரத்தை அடுத்த கௌசல்யகங்கையில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் இத்துறையில் அரும்பணி ஆற்றியுள்ளது.

இயற்கையில் மாகுர் மழைக்காலத்தில் நீர் நிறைந்த வயல்களின் ஓரத்தே குழியமைத்து முட்டையிடும். ஆண்மீன் அருகிலிருந்து காக்கும். பொரிப்பகத்திலோ நிலைமை வேறு. பெண்மீனுக்கு ஊசி மருந்து செலுத்தி, உரிய நேரத்தில் அதன் வயிற்றை மெல்ல அழுத்தி முட்டைகளைப் பெறுவர். ஆண்மீனிடமிருந்து விந்தினை இவ்வாறு பெறுதல் இயலாது. அதனைக் கொன்று, விந்துப்பையை எடுத்தே முட்டைகளைக் கருவுறச் செய்கின்றனர். ஓர் உயிரை விலையாகக் கொடுத்துப் பெற்ற குஞ்சுகளை அசட்டையால் மடியவிடுதல் எவ்வளவு கொடிது!

நீரின் வெப்பம் 27 முதல் 30 பாகை வரை இருப்பின், ஏறத்தாழ ஒரு நாளில் முட்டைகள் பொரிந்துவிடும். வெளிவரும் குஞ்சு அரிசி மணியினும் சிறியது. அதன் வயிற்றில் மஞ்சட்கருப் பை ஒன்று தொங்கும். தாய் கட்டிக் கொடுத்த கட்டுச்சோறு அது. மூன்று நான்கு நாட்களுக்கு அதுவே போதும். அதுவரை வேறு உணவு இடுதல் நீரைக் கெடுப்பதன்றிப் பயன் தாராது.

கட்டுச்சோறு தீர்ந்தபின் குஞ்சு பசித்து அலையும். அதன் வாயோ மிகச் சிறியது. அசையும் இரையையே அது விரைந்து பற்றும். ஆகவே குளத்து நீரில் வாழும் நுண்ணுயிர்களை மென்துணியால் வடித்தெடுத்து இடுவர். ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர்ச் சிற்றுயிரின் முட்டைகளை உப்பு நீரில் ஒரு நாள் வைத்துப் பொரிப்பித்தும் இடுவர். தூத்துக்குடி உப்பளங்களிலும் இவ்வுயிர் வாழ்கின்றது. இது நன்னீரில் சில மணி நேரமே உயிரோடிருக்கும். பின்னர் இறந்து அடியில் படிந்து அழுகும். ஆதலின் ஒரே வேளையில் மிகுதியாகக் கொட்டாமல், சிறிது சிறிதாகப் பலமுறை இடுதல் வேண்டும். கெளிறு இருளை விரும்புவது. இரவில் ஊக்கத்தோடு இரை தேடும். ஆகவே இரவு உணவை மறத்தலாகாது. குஞ்சுகள் வளர வளர, அவித்த முட்டையையும் நுண்ணிய மாவுத் தீவனத்தையும் பழக்குவர்.

பட்டினியால் மடிவனவும் உள; ஆயினும், மிகுதியாக இட்ட உணவே பெருங்கேடு விளைப்பது. எஞ்சிய இரை அழுகுங்கால் நீரிலுள்ள பிராணவாயு குறையும். வளர்ந்த மாகுர் செவுளுக்கு மேலுள்ள மரக்கிளை போன்ற உறுப்பினால் காற்றையே நேராக உட்கொள்ள வல்லது. பிறந்த குஞ்சுக்கு அவ்வுறுப்பு இல்லை. பத்துப் பன்னிரண்டு நாட்கள் கழிந்தே அது பயன்படத் தொடங்கும். அந்நாள் வரை செவுளே துணை. இடையில் நீரோட்டம் நின்றுவிட்டால் தொட்டி முழுதும் ஓரிரவில் அழியக்கூடும். காற்றுண்ணத் தொடங்கிய பின்னும் தொட்டி நீர் ஆழமாக இருத்தல் கூடாது. சிறு குஞ்சு மேலெழுந்து மூச்செடுத்து மீளுதல் வேண்டுமன்றோ? ஒரு சாண் ஆழமும் அதற்கு மிகையே.

மற்றோர் இடரும் உண்டு. சில குஞ்சுகள் விரைந்து பருத்துத் தம் உடன்பிறப்புகளையே விழுங்கத் தலைப்படும். அவற்றை அவ்வப்போது பிரித்து வேறு தொட்டியில் விடுதல் நலம்.

ஆப்பிரிக்கக் கெளிறு இதனினும் மிக விரைவாகப் பெருப்பது. ஆயின் அது நாட்டு மீன்களை உண்டு அழிப்பதாதலின், இந்திய அரசு 2000ஆம் ஆண்டில் அதன் வளர்ப்பைத் தடை செய்தது. இரண்டையும் பிரித்தறியாது வாங்குவோர் ஏமாறுவர்.

ஒரு மாதம் வளர்ந்து, விரற்கடை அளவினைத் தாண்டிய குஞ்சுகளைக் குளத்தில் விடலாம். குளத்தைச் சுற்றி வலைவேலி கட்டுதல் வேண்டும். வளர்ந்த மாகுர் மழை இரவுகளில் கரையேறி, ஈர நிலத்தில் ஊர்ந்தே அடுத்த வயலுக்குச் சென்றுவிடும்.