26ஆம் குரோமோசோமில் கிடைத்த விடை

பண்ணையில் வளரும் சால்மன் மீனின் உயிருக்கு இரண்டு கண்டங்கள் உண்டு. நன்னீர்த் தொட்டியில் குஞ்சு இரை எடுக்கத் தொடங்கும் பருவம் ஒன்று. கடலில் மிதக்கும் வலைக்கூண்டுக்கு மாறிய முதல் சில வாரங்கள் இன்னொன்று. கணையத்தை அழிக்கும் ‘ஐபிஎன்’ என்ற வைரஸ் நோய் இந்த இரண்டு சமயங்களிலும் தாக்கி, நார்வே, ஸ்காட்லாந்து பண்ணைகளை நெடுங்காலம் வாட்டியது.

ஒரே நீரில் வளர்ந்தாலும் சில குடும்பத்துக் குஞ்சுகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. சில குடும்பங்கள் தப்பின. எதிர்ப்புத் திறன் பரம்பரையாக வருகிறது என்று புரிந்தது. ஆனால் அதைக் கொண்டு தாய்மீனைத் தேர்ந்தெடுப்பது எப்படி? வேகமாக வளரும் மீனை எடைபோட்டு அறியலாம். நோயைத் தாங்கும் மீன் கண்ணுக்குத் தெரியாது. வைரஸ் கொடுத்துச் சோதித்த மீனை இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொள்ளவும் முடியாது. ஆகவே உடன்பிறப்புகளைச் சோதித்து, குடும்பம் முழுவதற்கும் ஒரே மதிப்பெண் போட்டார்கள். உடன்பிறப்புகளுக்கு இடையிலான வேறுபாடு கணக்கில் வராமலே போனது. மரபு வேறுபாட்டில் ஏறத்தாழ பாதி அங்கேதான் இருக்கிறது.

இந்தச் சிக்கலை அவிழ்த்தது மரபணு வரைபடம். டிஎன்ஏவில் ஆங்காங்கே மீனுக்கு மீன் மாறுபடும் அடையாளப் புள்ளிகள் உண்டு. பிழைத்த குஞ்சுகள், செத்த குஞ்சுகள் இரண்டிலும் பெற்றோரின் எந்தத் துண்டு வந்திருக்கிறது என்று இந்தப் புள்ளிகளை வைத்துத் தேடினார்கள். சால்மனின் ஒரு விசித்திரம் இதற்கு உதவியது. ஆண் மீனின் குரோமோசோம்கள் தமக்குள் மிகக் குறைவாகவே துண்டுகளைப் பரிமாறிக்கொள்கின்றன. பெண்ணில் பரிமாற்றம் அதிகம். எனவே தந்தை வழியில் சில புள்ளிகளைப் பார்த்தாலே எந்தக் குரோமோசோம் என்று தெரிந்துவிடும். அதில் எந்த இடம் என்பதைத் தாய் வழி காட்டும். எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

2008இல் ஸ்காட்லாந்து ஆய்வாளர்களும் 2009இல் நார்வே ஆய்வாளர்களும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்: 26ஆம் குரோமோசோம். எதிர்ப்புத் திறனில் உள்ள மரபு வேறுபாட்டின் பெரும்பகுதி அந்த ஓரிடத்தில் அடங்கியிருந்தது. அதன்பின் துடுப்பின் நுனியில் சிறு துண்டு வெட்டிச் சோதித்தாலே போதும். எந்தத் தாய்மீனை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்யலாம். வெளி மரபணு எதுவும் மீனுக்குள் செலுத்தப்படுவதில்லை. நார்வேயில் 2009இல் 200க்கு மேல் இருந்த நோய்த் தாக்குதல்கள் 2015இல் 30 அளவுக்குக் குறைந்தன.

ஆனாலும் வைரஸ் சும்மா இருக்கவில்லை. எதிர்ப்பு மரபணு உள்ள மீன்களையும் கொல்லும் புதிய திரிபு ஒன்றை 2021இல் நார்வே ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். ஒரே மரபணுவை நம்பியிருப்பது ஆபத்து. வளர்ச்சி, கடல்பேன் எதிர்ப்பு போன்றவற்றில் பல மரபணுக்கள் சிறிது சிறிதாகப் பங்கெடுப்பதால், இப்போது ஆயிரக்கணக்கான புள்ளிகளைச் சேர்த்துக் கணக்கிட்டே மீனைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

தேர்ந்தெடுத்து இனம் பெருக்கும் இந்த வேலையில் நம் ரோகு மீனுக்கும் பங்குண்டு. புவனேஸ்வரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம், நார்வே ஆய்வாளர்களுடன் சேர்ந்து 1992இல் தொடங்கிய தேர்வுப் பணியில்தான் வேகமாக வளரும் ‘ஜெயந்தி’ ரோகு உருவானது. ஆனால் சில தாய்மீன்களையே திரும்பத் திரும்பச் சேர்க்கும் பொரிப்பகத்தில் எந்த நல்ல இனமும் சில தலைமுறைகளில் நலிந்துவிடும். குஞ்சு வாங்கும் பண்ணையாளர்கள் விலையைக் கேட்பதற்கு முன், தாய்மீன் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.