எலி பிடிக்கும் பூனைக்குத் தயிர்சாதம் மட்டும் போதுமா?

லால்குடி, மண்ணச்சநல்லூர், அந்தநல்லூர் பகுதிகளில் நெல் மூட்டை அடுக்கிய வீடுகளிலும் மாட்டுக் கொட்டகைகளிலும் எலிக்காகவே பூனை வளர்க்கிறோம். ஸ்ரீரங்கத்தில் அசைவம் சமைக்காத வீடுகளிலும் பூனைகள் செல்லமாக வளர்கின்றன. மாட்டுக்கும் கோழிக்கும் தீவனக் கணக்குப் பார்க்கும் நாம், பூனைக்கு மட்டும் மிஞ்சிய பால்சோறோ தயிர்சாதமோ வைத்துவிடுகிறோம். எலி நிறையப் பிடித்துத் தின்னும் பூனை இதில் தப்பித்துக்கொள்ளும். வீட்டுக்குள்ளேயே வளரும் பூனை, குட்டி, சினைப்பூனை ஆகியவை தப்பாது.

பூனைக்கு ஏன் மீனும் இறைச்சியும்?

நாய் சோறும் கறியும் கலந்து தின்று வாழும். பூனை முழுக்க ஊன் உண்ணும் விலங்கு. 'டாரின்' என்ற சத்தைப் பூனையின் உடல் போதிய அளவு உற்பத்தி செய்யாது. மீன், இறைச்சியில் இது கிடைக்கும். அரிசியிலும் பருப்பிலும் இல்லை. டாரின் குறைந்தால் விழித்திரை கெடும் என்று 1975-லும், இதயத் தசை பலவீனமாகும் என்று 1987-லும் ஆய்வுகள் காட்டின. விழித்திரை கெட்டு இழந்த பார்வை திரும்ப வராது.

என்ன கொடுக்கலாம்?

* மத்தி, நெத்திலி, ஜிலேபி கெண்டை போன்ற விலை குறைந்த மீன்களை உப்பு, காரம் இல்லாமல் முள் மசியும்வரை குக்கரில் வேகவைக்கவும். டாரின் நீரில் கரையும் என்பதால், வெந்த நீரைக் கொட்டாமல் அதிலேயே கொஞ்சம் சோறு பிசைந்து வைக்கவும். மீன் அதிகமாகவும் சோறு குறைவாகவும் இருக்க வேண்டும்.
* கோழியின் இதயம், தொடைக்கறி நல்லது. ஈரலை வாரம் ஒருமுறை சிறு துண்டு மட்டும் கொடுக்கவும். தினமும் கொடுத்தால் வைட்டமின் ஏ அளவு மீறிப்போகும்.
* அவித்த முட்டை புரதம் தரும். ஆனால் மீனுக்கு மாற்று ஆகாது.
* அசைவம் சமைக்காத வீட்டினர் கடையில் விற்கும் பூனைத் தீவனம் வாங்கலாம். பாக்கெட்டில் டாரின் சேர்த்திருப்பதும், புரதம் 26 சதவீதத்துக்குக் குறையாமல் இருப்பதும் குறிப்பிடப்பட்டுள்ளதா என்று பாருங்கள். குட்டிகளுக்கு 30 சதவீதம் வேண்டும். 3 கிலோ எடையுள்ள பூனைக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 கிராம் உலர்தீவனம் போதும். நாய்த் தீவனம் பூனைக்கு ஆகாது.
* தின்பண்டமாக உப்பில்லாத நெத்திலிக் கருவாடு இரண்டு மூன்று போதும். தின்பண்டம் மொத்த உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. சுத்தமான தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும்.

எதைத் தவிர்க்க வேண்டும்?

* மீன் குழம்பு, கறிக்குழம்பு: இவற்றில் உள்ள சின்ன வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். குழம்பில் போடும் முன்பே பூனையின் பங்கை எடுத்து வைத்துவிடுங்கள்.
* பால்: வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குச் செரிக்காது, கழிச்சல் உண்டாகும்.
* பச்சை மீன்: கெண்டை வகை மீன்களைப் பச்சையாகத் தொடர்ந்து கொடுத்தால் வைட்டமின் பி1 குறைந்து நரம்பு பாதிக்கும்.
* வெந்த கோழி எலும்பு: கூராக உடைந்து குடலைக் குத்தும்.
* பாராசிட்டமால்: காய்ச்சல் என்று நினைத்து ஒரு மாத்திரை கொடுத்தாலும் பூனை இறந்துவிடும்.

வயிறு நிறைந்தால் எலி பிடிக்காதா?

பிடிக்கும். வேட்டை உணர்வு வேறு, பசி வேறு. உணவு வைக்காத பூனை அலைந்து அடுத்த தெருவுக்குப் போய்விடும். உணவு கிடைக்கும் பூனை உங்கள் களத்தைச் சுற்றியே இருக்கும். இங்கிலாந்துப் பண்ணைகளில் இதை ஆராய்ந்த விலங்கியல் அறிஞர் சார்லஸ் எல்டன் 1953-ல் முடிவுகளை வெளியிட்டார். பெருகிவிட்ட எலியைப் பூனை ஒழிக்காது. முதலில் எலியை அகற்றிவிட்டு, பிறகு பூனைக்கு உணவிட்டு வைத்திருந்தால் எலி மீண்டும் வராமல் காக்கும் என்பதே அதன் சாரம்.

அகற்றும் முறையிலும் கவனம் தேவை. புரோமோடயலோன் வில்லை தின்ற எலியைப் பூனை தின்றால் அந்த நஞ்சு பூனைக்கும் ஏறி, உள்ளுக்குள் ரத்தம் கசியும். பூனை உள்ள வீட்டில் கூண்டுப்பொறி, தஞ்சாவூர் கிட்டி ஆகியவற்றைப் பயன்படுத்துங்கள். நஞ்சு வைத்தே ஆக வேண்டுமென்றால் செத்த எலிகளைத் தினமும் தேடி ஆழமாகப் புதைத்து, அதுவரை பூனையைக் கட்டிக் காத்திடுங்கள்.

எப்போது மருத்துவரிடம் செல்ல வேண்டும்?

பூனை ஒரு நாளுக்கு மேல் தின்னாமல் இருந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, பொருள்களில் முட்டிக்கொண்டாலோ, ஈறு வெளுத்தாலோ தாமதிக்காமல் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு செல்லுங்கள். எலி மருந்து சந்தேகம் இருந்தால் அந்த மருந்தின் அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். எந்த நஞ்சு என்று தெரிந்தால்தான் சரியான சிகிச்சை அளிக்க முடியும்.